கோணங்குளம் மன்றத்தார் கொடுத்த கல்யாணப் பரிசுகள்

கோணங்குளத்தில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வீடு. அதில் நூற்றெட்டு வீட்டில் புத்திசாலிகள் குடியிருந்தார்கள். மிச்சமிருந்த நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு நற்பணி மன்றம் வைத்திருந்தார்கள்.

மன்றத்துக்குத் தலைவர் கொம்பையா. துணைத் தலைவர் இசக்கி. பொருளாளர் மாசானம், மன்றத்தில் பொருள் என்று எதுவும் இல்லாததால் அவருக்கு வேலை குறைவு. செயலாளர் ஆறுமுகநயினார். உறுப்பினர் என்று ஒருத்தரும் கிடையாது. பதவியும் நாலு, ஆளும் நாலு என்று அமைந்துபோனதால் மன்றத்தில் சண்டை வந்ததே இல்லை.

இது நயினாருக்கு நடந்த கதை. அவருக்கு வயது முப்பத்தெட்டு, தையல் தொழில். அவர் தைத்த சட்டையில் இரண்டு கையும் ஒரே நீளத்தில் அமைந்தால் அதைப் பார்க்க ஆள் வரும். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் தையல்காரர் என்றதும் தலையாட்டுவார்கள். மன்றச் செயலாளர் என்றதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நயினார் இதற்காக யாரையும் குறை சொன்னதில்லை. "எனக்குப் புத்தி மட்டு. அது எனக்குத் தெரியும். மத்த மூணு பேருக்கும் அது தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் என்னைச் செயலாளரா வச்சிருக்காங்க" என்பார்.

போன ஐப்பசியில் பெரிய மழை. ஊருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. வெள்ளம் எதுவரை வருகிறது என்று பார்த்து ஊருக்குச் சொல்வதற்காக மன்றத்தார் நாலு பேரும் ஏணி வைத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார்கள். ஏறியதும், வெள்ளமும் அதே ஏணி வழியாக ஏறிவிடக் கூடாதே என்று நயினார் ஏணியை மேலே இழுத்துக்கொண்டார். சாயங்காலமே தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் கீழே ஏணி இல்லாததால் இறங்க முடியவில்லை. "யாராவது ஒரு ஏணி கொண்டு வாங்க" என்று இரண்டு நாள் கத்தினார்கள். சொந்த ஊர்க்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வெள்ள நிவாரணத்துக்கு அரிசி கொண்டுவந்த மூன்று வெளியூர்க்காரர்கள்தான் அவர்களை இறக்கினார்கள். தேங்காய் வியாபாரி தாணுமாலயன் கயிறு வீசினார். லாரிக்கார யூசுப் பாய் லாரியைத் தொட்டிக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். கடற்கரைக்காரர் சூசைமாணிக்கம் மேலே ஏறி, ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி இறக்கினார். மூன்று பேரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் நயினாரின் மனசில் நின்றது.

தை பிறந்ததும் அந்த மூன்று பேர் வீட்டிலிருந்தும் மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தன. மூவர் வீட்டிலும் பெண்ணுக்குக் கல்யாணம். மன்றம் கூடியது.

"உசிரைக் காப்பாத்துனவங்க. சாதாரணமாப் போய் நின்னுட்டு வரக் கூடாது" என்றார் கொம்பையா.

"மூணும் மூணு மார்க்கம். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு முறை இருக்கும். கேட்டுத் தெரிஞ்சுதான் செய்யணும்" என்றார் நயினார். அவர் வாழ்க்கையில் சொன்ன புத்திசாலித்தனமான வார்த்தைகளில் அது ஒன்று. அதிலிருந்துதான் எல்லாக் கஷ்டமும் ஆரம்பித்தது.

முதல் கல்யாணம் தாணுமாலயன் வீட்டில். பாத்திரக்கடை செண்பகத்திடம் போய்க் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒரு நல்ல பித்தளை அண்டாவை எடுத்துக் கொடுத்து, "சீருக்குப் பாத்திரம் குடுத்தா வெறுமையாக் குடுக்கக் கூடாது அண்ணாச்சி. எதையாவது போட்டு நிறைச்சுக் குடுங்க" என்றாள்.

அண்டாவை மன்றத்து நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அரிசியைக் கொட்டி நிறைச்சிருவோம்" என்றார் இசக்கி.

மாசானம் ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தார். "வே, இந்த அரிசிக்கும் அந்த அரிசிக்கும் நடுவுல இடம் இருக்கு. அந்த இடத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை."

"அப்ப அது வெறுமைதானே."

மாசானம் அரிசியைத் தள்ளி வைத்தார். தேங்காய்க்கு நடுவில் இன்னும் பெரிய இடம். வெல்லத்தை உருக்கி ஊற்றலாம் என்றால், ஆறினதும் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். கடைசியில் நயினார்தான் சொன்னார்: "நடுவுல ஒரு பொட்டு இடமும் விடாத வஸ்து தண்ணிதான்."

அந்த முடிவுக்கு எல்லாரும் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

தாணுமாலயன் ஊர் ஏழு மைல். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய அண்டாவை மூங்கில் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணீர் தளும்பிச் சிந்தியது. சிந்தினால் மேலே வெறுமை வந்துவிடுகிறது. ஆகவே வழியில் தென்பட்ட ஒவ்வொரு கிணற்றிலும் குளத்திலும் நின்று நிரப்பினார்கள். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "அண்டாவுல என்ன கொண்டு போறிய?" என்று கேட்டாள். "வெறுமை இல்லாம கொண்டு போறோம்" என்றார் கொம்பையா. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து அக்கினியை வலம்வர எழுந்து நின்றார்கள். பரிசைத் தம்பதிக்கு நேரே வைக்க வேண்டும் என்று கொம்பையா அவசரப்பட்டார். நாலு பேரும் அண்டாவோடு மணவறையில் ஏறினார்கள். ஏற்கெனவே நனைந்திருந்த நயினாரின் கால் வழுக்கியது.

பதினோரு கிணற்றுத் தண்ணீரும் ஒரே வீச்சில் ஓமகுண்டத்தில் விழுந்தது. புகை அடங்கியதும் பார்த்தால், பெண்ணின் தோளில் நடுத்தர அளவில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

ஐயர் நனைந்த விசிறியை உதறிக்கொண்டு, "இது எந்த ஊர் முறை?" என்று மட்டும் கேட்டார்.

புதுச் செங்கல் வைத்து, காய்ந்த சுள்ளி தேடி, மறுபடி தீ மூட்ட முக்கால் மணி நேரம் ஆனது. நயினார் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உலகத்திலேயே தண்ணீரைச் சீராகக் கொண்டுவந்த முதல் ஆள் என்கிற பெருமையில் காலையில் கிளம்பியவர், இப்போது தவளையைவிடத் தாழ்ந்தவராகத் தன்னை நினைத்தார். தவளையாவது தானாக வரவில்லை.

தாணுமாலயன் வேட்டியைப் பிழிந்தபடி அவரிடம் வந்தார். கோபிக்கவில்லை. "போகட்டும் நயினார். அடுத்த தடவை எங்க போனாலும், நனையாத பொருளாப் பாத்து எடுங்க. முன்னாடியே போயிருங்க. காகிதத்துல சுத்தி, மேல பேர் எழுதிக் குடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க."

நயினார் வீட்டுக்கு வந்ததும் அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதினார்.

இரண்டாவது, யூசுப் பாய் மகள் நிக்காஹ். அத்தர் விற்க வருகிற பெரியவரிடம் முறை கேட்டார்கள். "எங்கள்ல மாப்பிள்ளைதான் பொண்ணுக்கு மஹர் குடுக்கணும். பொண்ணு என்ன கேக்குதோ அது. அதுல நீங்க தலையிட வேண்டாம்" என்றார் அவர். நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். "எதுலயுமே தலையிடாதீங்க. நிக்காஹ் முடிஞ்சதும் வந்தவங்களுக்குப் பேரீச்சம்பழம் குடுப்போம். அதை வாங்கிட்டுப் போங்க, சந்தோசப்படுவாங்க."

பேரீச்சம்பழம் நனையாத பொருள். தாணுமாலயன் சொன்னதற்குப் பொருத்தமாக இருந்தது. ஒரு கூடை வாங்கி வந்து, ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியே கலர்க் காகிதத்தில் சுற்றினார்கள். சுற்றி முடித்ததும்தான் சிக்கல் வந்தது.

"மேல பேர் எழுதணும்னு சொன்னாரே. யார் பேர்?" என்றார் மாசானம்.

"பழத்தோட பேர்தான்" என்றார் இசக்கி.

"எல்லாத்துக்கும் பேரீச்சம்பழம்னு ஒரே பேர் வச்சா, ஒண்ணைக் கூப்பிட்டா எல்லாம் திரும்பிப் பார்க்குமே. ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு ஒரே பேர் வைப்பமா?" என்றார் கொம்பையா.

அறுநூற்று ஐம்பது பழத்துக்கு அறுநூற்று ஐம்பது பேருக்கு எங்கே போவது? நயினார் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். தெரு, கதவு எண், தகப்பன் அல்லது கணவன் பேர், வயது எல்லாம் அதில் சுத்தமாக இருந்தன. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார்கள். பட்டியலில் அறுநூற்று நாற்பத்திரண்டு பேர்தான். மிஞ்சிய எட்டுப் பழத்தைத் தாங்களே தின்றுவிட்டார்கள். பேர் இல்லாததைக் கல்யாண வீட்டுக்குக் கொடுப்பது மரியாதை இல்லை.

முன்னாடியே போகச் சொன்னதால் இரண்டு நாள் முன்னாடியே போனார்கள். யூசுப் பாய் வீட்டு வாசல் வெறும் மைதானமாகக் கிடந்தது. அதன் நடுவில் கூடையோடு உட்கார்ந்தார்கள். பந்தல்காரர்கள் எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களைச் சுற்றியே பந்தல் போட்டார்கள். இரண்டு நாளும் யூசுப் பாய் வீட்டிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. "விருந்தாளியாப் போச்சு" என்று பாய் சமையல்காரரிடம் சொன்னது நயினார் காதில் விழுந்தது. விருந்தாளி என்று சொன்னதில் அவருக்குக் கண் கலங்கியது. "போச்சு" என்றதை அவர் கவனிக்கவில்லை.

நிக்காஹ் அன்று அதை நடத்திவைக்கிற ஹஜ்ரத் வந்து உட்கார்ந்தார். பெண்ணின் பேர், தகப்பன் பேர், மஹர் விவரம் எல்லாம் எழுதிய சீட்டு அவர் முன்னால் தட்டில் இருந்தது. அதே தட்டில் மன்றத்தாரின் பழமும் கொஞ்சம் குவிந்திருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா, சர்க்கரை வியாதிக்காரர், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பழத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு காகிதத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஹஜ்ரத் கனத்த கண்ணாடிக்காரர். கைக்கு வந்த காகிதத்தை எடுத்தார். சபை அமைதியானது. மாப்பிள்ளையைப் பார்த்து, கணீரென்று வாசித்தார்: "கோணங்குளம், கீழத்தெரு, கதவு எண் பதினாலு, சுப்பையா மனைவி சண்முகவடிவு, வயசு எழுபத்தொண்ணு..."

மாப்பிள்ளை நல்ல பையன். பெரியவர்கள் சொன்னதற்கு மறுப்புச் சொல்லி வளரவில்லை. "க" என்று ஆரம்பித்துவிட்டான். சம்மதம் சொல்லும் கபூல் என்ற வார்த்தை முழுசாக வருவதற்குள் யூசுப் பாய் தாவி வந்து அவன் வாயைப் பொத்தினார்.

நயினாருக்குச் சண்முகவடிவைத் தெரியும். போன மாதம்தான் அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தார். அவள் இங்கே இல்லாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். இருந்திருந்தால் உடனே சம்மதித்திருப்பாள்.

சரியான சீட்டைத் தேடி எடுத்து நிக்காஹை நல்லபடியாக முடித்தார்கள். பழம் கொடுத்தபோது அடுத்த கூத்து. அடுத்தவர் பேர் போட்ட பழத்தை எப்படித் தின்பது என்று வந்தவர்கள் தயங்கினார்கள். "பரமசிவம் யாருங்க? உங்க பழம் என்கிட்ட இருக்கு" என்று ஆளாளுக்குப் பந்தலில் சுற்றினார்கள். பரமசிவம் கோணங்குளத்தில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். பிரியாணி ஆறிவிட்டது.

யூசுப் பாய் விடை கொடுக்கும்போது நயினாரின் தோளில் கை போட்டார். "தம்பி, மனசாரத்தான் செஞ்சிய. ஆனா இனிமே பொருளே வேண்டாம், பேரும் வேண்டாம். கல்யாண வீட்டுல போய் என்ன தேவைன்னு வாய்விட்டுக் கேளுங்க. கேட்டதைக் குடுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

மிச்சம் ஒரே ஒரு கல்யாணம். சூசைமாணிக்கம் மகள் ஜெனிட்டாவுக்கு, கடற்கரை வேதக்கோவிலில். தோளில் தூக்கி இறக்கியவர் வீடு. இதிலும் சொதப்பினால் தொட்டியிலேயே இருந்திருக்கலாம் என்று நயினாருக்குப் பட்டது. ஒரு வாரம் முன்னதாகவே போய், சூசையின் மனைவி ரோசம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டார்கள்: "அக்கா, கல்யாணத்துக்கு என்ன தேவை?"

அந்த அம்மாள் ஒரு பக்கம் மாவு சலித்துக்கொண்டு, ஒரு பக்கம் வெள்ளையடிக்கிறவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாம் வந்தாச்சு தம்பி. வேலைக்குத்தான் ஆள் இல்லை. நாலு கை இருந்தாப் போதும்" என்றாள்.

மன்றத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் மாசானம்தான் ஆரம்பித்தார். "நமக்கு எத்தனை கை இருக்கு?"

எண்ணிப் பார்த்தார்கள். எட்டு வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணியபோதும் எட்டே வந்தது.

"நாலு கூடுதலா இருக்கே. பாய் கூடவும் வேண்டாம்னாரே" என்றார் இசக்கி.

"ரெண்டு பேர் மட்டும் போவோம்" என்றார் மாசானம்.

"எந்த ரெண்டு பேர்? நாலு பேரையும்தானே இறக்கினார். நன்றி இல்லாத அந்த ரெண்டு பேர் யாரு?" என்றார் கொம்பையா. யாரும் கையைத் தூக்கவில்லை.

நயினார் தொண்டையைச் செருமினார். "ஆளுக்கு ஒரு கை கொண்டு போவோம்."

கல்யாணத்தன்று நாலு பேரும் வெள்ளைச் சட்டை போட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வாசலில் நின்றவர்கள் ஏதோ விபத்து என்று நினைத்து அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். உட்காருவதற்கா வந்தார்கள்? வேலையில் இறங்கினார்கள். ஒரு கேக்கைத் தூக்க இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஒருத்தர் வாளியைப் பிடிக்க, இன்னொருத்தர் கரண்டியைப் பிடித்து நடந்தார். தலையில் ஈ உட்கார்ந்தால், வேலையில் இருக்கிறவர் சும்மா இருக்கிறவரிடம் சொல்லித்தான் விரட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் மதியம்வரை ஒன்றும் கவிழவில்லை. நயினாருக்கு நம்பிக்கை வந்தது.

சூசைமாணிக்கமே அவரிடம் வந்தார். சின்னப் பெட்டி ஒன்றை நீட்டினார். "நயினாரு, பொண்ணு மாப்பிள்ளை மோதிரம். பூசையில சாமியார் கேக்குற வரைக்கும் பத்திரமா வச்சிரும்."

இத்தனை சொந்தக்காரர் இருக்க, தன்னிடம் கொடுக்கிறார். நயினாருக்கு நெஞ்சு விம்மியது. பத்திரமான இடம் எது? சட்டைப் பையில் ஓட்டை. அவரே தைத்த சட்டை. பெட்டியைக் கையில் வைத்திருந்தால் கேக்கைத் தூக்க முடியாது. ஆகவே பல்லால் பெட்டியைத் திறந்து, மாப்பிள்ளை மோதிரத்தை மோதிர விரலிலும் பெண் மோதிரத்தைச் சுண்டு விரலிலும் நுழைத்துக்கொண்டார்.

கோவிலில் பங்குச்சாமியார் தாலியை மந்திரித்தார். பெண்ணுக்குக் கொடுக்கிற மந்திரக்கோடிப் புடவையை மந்திரித்தார். பிறகு, "மோதிரம்" என்றார்.

நயினார் முன்னால் போய்க் கையை நீட்டினார். சாமியார் கையைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார். "கழற்றிக் கொடுங்க" என்றார்.

"இன்னொரு கை இல்லை சாமி" என்றார் நயினார்.

மாப்பிள்ளையே தன் மோதிரத்தை உருவிக்கொண்டான். பெண் மோதிரம் அசையவில்லை. சுண்டு விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. மாப்பிள்ளை இழுத்தான், மாப்பிள்ளைத் தோழன் இழுத்தான், கோவில் வேலை பார்க்கிற கோவில்பிள்ளை சவுக்காரம் கொண்டுவந்து தேய்த்து இழுத்தார். சூசைமாணிக்கம், "அந்தக் கட்டைத்தான் அவிழுங்களேன், அவரே கழற்றட்டும்" என்றார்.

கொம்பையா குறுக்கே வந்தார். "அண்ணாச்சி, வீட்டுல கேட்டது நாலு கை. அஞ்சாவது கையை அவிழ்த்தா முறை கெட்டுப்போகும்." பிறகு சாமியார் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சொன்னார்: "சாமி, மோதிரம் பொண்ணு விரலுக்குப் போகலைன்னா பரவாயில்லை. நயினாரைப் பொண்ணு பக்கத்துலயே நிரந்தரமா நிறுத்திருவோம்."

மாப்பிள்ளையின் முகம் மாறியது. நயினார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது வீடும் போயிற்று. இனி இந்தக் கடற்கரைப் பக்கம் மீன் வாங்கக்கூட வர முடியாது.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். ரோசம்மாவின் சித்தி மகள், ஸ்டெல்லா மேரி. டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பூச்செண்டில் கட்டியிருந்த நூலை உருவினாள். நயினாரின் விரலைப் பிடித்து, நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மீதியை விரலில் நெருக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

"இதை ஏன் விரல்ல போட்டீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பத்திரமா வைக்கச் சொன்னாங்க. சட்டைப் பையில நிக்காது. தலையில எது போட்டாலும் நிக்காது. மிச்சம் இருந்தது விரல்தான்."

"வலிக்குதா?"

"விரல் வலிக்குது. ஆனா இப்ப நான் இருக்கிற இருப்புக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான் சிஸ்டர்."

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். பதினான்கு வருட ஆஸ்பத்திரி வேலையில், தான் செய்த தப்பைத் தான்தான் செய்ததாகச் சொன்ன ஆளை அவள் பார்த்ததில்லை. நூலின் மறுநுனியைப் பிடித்துச் சுழற்றினாள். மோதிரம் மரை கழன்று வருவது போலச் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. கோவில் முழுக்கக் கை தட்டியது. மன்றத்தாரும் தட்ட ஆசைப்பட்டு, ஆளுக்கொரு கை என்பதால் கொம்பையாவின் கையில் இசக்கி தட்டினார். மாசானம் தன் தொடையில் தட்டிக்கொண்டார்.

விரலுக்குக் கட்டுப் போட நயினார் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார். நாலாவது தடவை விரலில் ஒன்றும் இல்லாமலே போனார். சூசைமாணிக்கம்தான் இரண்டு பக்கமும் பேசினார். அவள் வேதக்காரி, அவர் இந்து; கோவிலா மண்டபமா என்ற பேச்சு வந்தபோது ஸ்டெல்லாவே முடிவு சொன்னாள்: "பதிவு ஆபீஸ். அங்க நெருப்பும் இல்லை, மோதிரமும் இல்லை."

சித்திரையில் நாள் குறித்தார்கள். பரிசு விஷயத்தில் யூசுப் பாய் சொன்ன முறையை மன்றம் விடவில்லை. தலைவரும் துணைத் தலைவரும் பொருளாளரும் மணப்பெண்ணிடமே வாய்விட்டுக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெளிநோயாளி வரிசையில் நின்றுதான் அவளிடம் போக முடிந்தது. வரிசையில் நின்றதால் மூன்று பேருக்கும் ஊசி போடப்பட்டது.

"கல்யாணத்துக்கு என்ன வேணும் தங்கச்சி?" என்றார் கொம்பையா, இடுப்பைத் தேய்த்துக்கொண்டே.

ஸ்டெல்லா அடுத்த ஊசியை எடுத்தபடி, "உங்க மன்றத்துல இருந்து ஒருத்தரும் அன்னைக்கு அந்தப் பக்கம் வராம இருந்தா, அதுதான் அண்ணே எனக்குப் பெரிய பரிசு" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மன்றம் கூடியது. மூன்று பேருக்கும் சந்தோஷம். செலவில்லாத பரிசு, சிந்தாது, வழுக்காது, விரலில் மாட்டாது. நயினார் தீர்மானப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். 'மன்றத்திலிருந்து ஒருத்தரும்' என்று எழுதியவர், பேனாவை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, நானும் மன்றம்தானே" என்றார்.

மூன்று பேரும் தீர்மானப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"ராஜினாமா செஞ்சிரும்" என்றார் இசக்கி.

"ராஜினாமாவைச் செயலாளர்கிட்டக் குடுக்கணும். செயலாளர் மூணு நாள் யோசிச்சுத்தான் ஏத்துக்கணும்னு நம்ம விதி. நான் எப்படி ஒரே நாள்ல யோசிக்க முடியும்? என் புத்தி உங்களுக்குத் தெரியாதா" என்றார் நயினார்.

"தங்கச்சி ஒருத்தரும்னுதான் சொல்லிச்சு. ஒருத்தர் தவிரன்னு சொல்லலை" என்று மாசானம் உறுதியாகச் சொன்னார்.

நயினார் நினைத்துப் பார்த்தார். தண்ணீரைக் கொண்டுபோய் நெருப்பை அணைத்தோம். பழத்தைக் கொண்டுபோய் ஒரு பையனைக் கிழவிக்குக் கட்டிவைக்கப் பார்த்தோம். கையைக் கொண்டுபோய் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டோம். மூன்று வீட்டுக்கும் ஒரு பரிசுகூடக் கேட்டபடி கொடுக்கவில்லை. ஸ்டெல்லா ஒருத்திக்காவது அவள் கேட்டதை, கேட்ட அளவு, கூடாமல் குறையாமல் கொடுத்துவிட வேண்டும். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல பரிசு என்றால் கொடுக்கிறவருக்குக் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தானே செய்யும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாலு பேரும் மன்றத்துக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். நயினார் பட்டு வேட்டி கட்டி, மாலையும் போட்டிருந்தார். வராமல் இருந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

பதினொன்றரைக்கு வெளியே கார் நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டெல்லா வந்தாள். கையில் மாலை. பின்னால் சூசைமாணிக்கம், அவருக்குப் பின்னால் பெரிய பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிவாளர். இடுப்பில் கை வைத்து நயினாரையே பார்த்தாள்.

நயினாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து நின்று, அடக்கமாகக் கேட்டார்: "பரிசு பிடிச்சிருக்கா?"

ஸ்டெல்லா அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் சிரிப்பு. "சார், இங்கேயே எழுதுங்க. இவரை இங்க இருந்து கிளப்புறதுக்குள்ள உங்களுக்குப் பென்ஷன் வந்துரும்" என்றாள்.

பதிவாளர் பதிவேட்டை விரித்தார். மாலை மாற்றினார்கள். ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள். "சாட்சி மூணு பேர் வேணும். இவங்க மூணு பேரும் இருக்காங்களே. கல்யாணத்துக்கு வந்திருந்ததா எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் பதிவாளர்.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கொம்பையா எழுந்தார்.

"சார், பொய்க் கையெழுத்துப் போட மாட்டோம். நாங்க கல்யாணத்துக்கு வரலை. இங்கேயேதான் இருந்தோம். கல்யாணம்தான் எங்ககிட்ட வந்துச்சு."

பதிவாளர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள், "அவங்க இஷ்டப்படியே எழுதட்டும் சார்" என்று கையை விரித்தாள்.

கொம்பையா பேனாவை வாங்கி, 'வரவில்லை' என்று அழகாக எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். இசக்கியும் மாசானமும் அதே மாதிரி போட்டார்கள். கடைசியில் பேனா மாப்பிள்ளையிடம் வந்தது. நயினார் கொஞ்சம் யோசித்தார். நண்பர்களைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். கொடுத்த பரிசைத் திருப்பி வாங்குவது அழகில்லை என்று பட்டது. அவரும் குனிந்து எழுதினார்.

ஆக, அந்தப் பதிவேட்டின்படி ஆறுமுகநயினார், ஸ்டெல்லா மேரி கல்யாணத்துக்கு வந்திருந்தது ஸ்டெல்லா மேரி மட்டும்தான்.